ரிங் போகுது சரி, அங்க அடிக்குதா?

(எபிசோடில் பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, படிக்கத் தோதா மாத்தியிருக்கோம்.)

போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க சென்னையில வேலை பார்க்குறாங்க. அம்மா, அப்பா ரெண்டு பேரும் ஏற்காடு பக்கத்துல மஞ்சக்குட்டையில இருக்காங்க. நல்ல மழை பெஞ்ச ஒரு ராத்திரி, வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டா ரிங் போய்க்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கல. அம்மா மொபைலுக்குப் போட்டா, போட்ட உடனே ஸ்விட்ச் ஆஃப்னு வருது. அப்பா மொபைலுக்குப் போட்டா ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்ல, அப்புறம் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வருது. மூணு நம்பர், மூணு பதில். ராத்திரி முழுக்கத் தூங்கல. விடிஞ்சு பேசினா, ரெண்டு பேரும் வீட்டுலதான் இருந்திருக்காங்க. ரெண்டு மொபைலும் ஆன்லதான் இருந்திருக்கு. லேண்ட்லைன் ஒரு தடவைகூட அடிக்கல. "அப்போ நெட்வொர்க் என்கிட்ட பொய் சொல்லுச்சா?"ன்னு கேட்டிருந்தாங்க.

இது நல்ல கேள்வி. வெளியூர்ல வேலை பார்க்குற யாருக்கும் இந்த மாதிரி ஒரு ராத்திரி வந்திருக்கும். அதனால இந்த எபிசோடை முழுக்க இதுக்கே எடுத்துக்கிட்டேன்: எடுக்க முடியாத, பதில் சொல்ல முடியாத, அல்லது அந்தக் காலையே புரிஞ்சுக்க முடியாத ஒரு போனுக்குக் கால் போனா நெட்வொர்க் என்ன பண்ணும்?

அந்த ட்ரிங் ட்ரிங் யாரோடது?

முதல்ல லேண்ட்லைன். நாம காதுல கேக்குற "ட்ரிங் ட்ரிங்" அந்தப் பக்கத்து போன் அடிக்குற சத்தம்னுதான் நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கிடையாது. அது அந்த ஊர் எக்ஸ்சேஞ்ச் நமக்காகத் தனியா உருவாக்கி அனுப்புற டோன். நம்ம நாட்டுல அது 400 ஹெர்ட்ஸ், 0.4 விநாடி சத்தம், 0.2 விநாடி இடைவெளி, மறுபடி 0.4 விநாடி சத்தம், அப்புறம் 2 விநாடி அமைதி. அதே நேரத்துல எக்ஸ்சேஞ்ச் அந்த வீட்டு ஒயர்ல சுமார் 75 வோல்ட் ஏசி கரண்ட் அனுப்பும். அங்க மணியை அடிக்க வைக்கிறது அந்தக் கரண்ட்தான். ஆக, நமக்கு வர்ற டோன் ஒரு வேலை, அங்க போற கரண்ட் இன்னொரு வேலை. ரெண்டுக்கும் நடுவுல எந்தச் சரிபார்ப்பும் இல்ல.

சரி, போன் உண்மையிலேயே அங்க இருக்கான்னு எக்ஸ்சேஞ்சுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இதுதான் சுவாரஸ்யமான இடம். எக்ஸ்சேஞ்ச் எப்பவும் ஒயர்ல 48 வோல்ட் டிசி வெச்சிருக்கும். ரிசீவரை எடுத்தா உள்ள இருக்குற சுவிட்ச் மூடி, கரண்ட் ஓட ஆரம்பிக்கும். "ஓ, எடுத்துட்டாங்க"ன்னு எக்ஸ்சேஞ்ச் புரிஞ்சுக்கும். ரிசீவர் வெச்ச நிலையில டிசி ஓடாது, ஏன்னா மணி ஒரு கெப்பாசிட்டர் வழியாத்தான் ஒயரோட சேர்ந்திருக்கு. இப்போ ஒரு சில்வர் ஓக் மரம் விழுந்து ஒயர் அறுந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. அப்பவும் டிசி ஓடாது. எக்ஸ்சேஞ்ச் பார்வையில "ரிசீவரை ஒழுங்கா வெச்சிருக்காங்க", "ஒயரே இல்ல" ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு. அதனால கால் வந்தா அறுந்த ஒயருக்கும் 75 வோல்ட்டைப் பொறுப்பா அனுப்பும், நமக்கும் பொறுப்பா ட்ரிங் ட்ரிங் போடும்.

அறுக்காம, ஜாயின்ட்ல தண்ணி இறங்கி ரெண்டு ஒயரும் ஷார்ட் ஆனா கதை தலைகீழ். அப்போ கரண்ட் ஓடும். யாரோ ரிசீவரை எடுத்துட்டாங்கன்னு எக்ஸ்சேஞ்ச் நினைச்சு டயல் டோன் கொடுக்கும். யாரும் நம்பர் அழுத்தலைன்னதும் அந்த லைனை ஓரமா ஒதுக்கி வெச்சிடும். வெளியில இருந்து கூப்பிடுறவங்களுக்கு எங்கேஜ்டு டோன். மழை நாள்ல பெரியப்பா வீட்டு லேண்ட்லைன் மணிக்கணக்கா எங்கேஜ்டா இருந்தா, பெரியம்மா பேசிக்கிட்டே இருக்காங்கன்னு பழி போடுறதுக்கு முன்னாடி இதையும் ஒரு தடவை யோசிங்க.

"டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்த பிறகும் இப்படியா?"ன்னு கேக்கலாம். எக்ஸ்சேஞ்ச் டிஜிட்டல் ஆயிடுச்சு, ஆனா வீட்டுக்கு வர்ற செம்பு ஒயர் அனலாக்காவேதான் இருந்துச்சு. 1984-ல சாம் பிட்ரோடா முயற்சியில சி-டாட் ஆரம்பிச்சாங்க. அவங்க செஞ்ச 128 லைன் கிராமப்புற எக்ஸ்சேஞ்சுக்கு ராக்ஸ்னு பேரு. 1986-ல கர்நாடகாவுல கித்தூர்ல முதல்ல ஓடுச்சு. ஏசி ரூம் வேணாம், தூசியும் வெயிலும் தாங்கும், அதான் அதோட பெரிய பலம். இந்திய கிராமங்கள்ல நேரடி டயலிங் பரவுனதுக்கு அந்தப் பெட்டி ஒரு முக்கியக் காரணம், எனக்கு அது மேல தனி மரியாதை உண்டு. ஆனா அந்தப் பெட்டிக்குள்ள கால் டிஜிட்டல் பிட்டா ஓடுனாலும், வாசல் தாண்டினதும் அதே ரெண்டு ஒயர், அதே 48 வோல்ட். கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல என்ன நடக்குதுன்னு பார்க்க அதுக்குக் கண்ணு இல்ல.

"எனக்கு இந்த மொழி தெரியாது"

இந்தக் குருட்டுத்தனத்தை ஒழிச்சது ஐஎஸ்டிஎன். இப்போ வீடுகள்ல யாரும் பார்த்திருக்க மாட்டீங்க. ஆனா 30 சேனல் பிஆர்ஐ லைன்னு ஆபீஸ்கள்லயும் கால் சென்டர்கள்லயும் பார்த்திருப்பீங்க, அது இதே குடும்பம்தான். இதுல போன் வரைக்கும் டிஜிட்டல். அதனால மணி அடிக்க கரண்ட் அனுப்புறதுக்குப் பதிலா, எக்ஸ்சேஞ்ச் ஒரு மெசேஜ் அனுப்பும். அதுக்குப் பேரு செட்அப். "உனக்கு ஒரு கால் வந்திருக்கு, இது குரல், இல்ல 64 கேபிபிஎஸ் டேட்டா, இல்ல ஃபேக்ஸ் மாதிரி ஆடியோ"ன்னு அந்த மெசேஜ்லயே எழுதியிருக்கும். ஒரே லைன்ல 8 டிவைஸ் வரைக்கும் மாட்டலாம். செட்அப் எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல போகும். ஒவ்வொண்ணும் தன்னால இந்தக் காலை எடுக்க முடியுமான்னு தானே பார்த்துக்கும்.

முடியாதுன்னா? ரெண்டு வழி. வாயைத் திறக்காம இருந்துடலாம், இல்ல 88-ன்னு ஒரு நம்பர் சொல்லித் திருப்பி அனுப்பலாம். 88-க்கு அர்த்தம், பொருந்தாத இடத்துக்கு வந்த கால். டேட்டா கார்டு மட்டும் மாட்டியிருக்குற லைனுக்குப் பேச்சுக் கால் வந்தா இதுதான் பதில். ஒரு டிவைஸ் 88 சொன்ன உடனே நெட்வொர்க் காலை வெட்டிடாது. அதே லைன்ல வேற ஒண்ணு எடுக்கலாமே? அதனால காத்திருக்கும். எவ்வளவு நேரம்? டி303-ன்னு ஒரு டைமர், வழக்கமா 4 விநாடி. யாருமே பதில் சொல்லலைன்னா செட்அப்பை இன்னொரு தடவை அனுப்பும், இன்னொரு 4 விநாடி. அப்பவும் அமைதின்னா 18-ன்னு குறிச்சு காலை முடிச்சிடும்.

இந்த நம்பர்களை நம்ம ஊரு ஹெச்டிடிபி 404, 503 மாதிரி நினைச்சுக்கோங்க. உண்மையில இதோட வித்தியாசங்கள் அதைவிட நுணுக்கமானவை. 17-ன்னா பிஸி. 18-ன்னா அந்தப் பக்கத்துல இருந்து மூச்சே இல்ல. 19-ன்னா போன் அடிச்சது, ஆள் எடுக்கல. 20-ன்னா மொபைல் சந்தாதாரர் இப்போ நெட்வொர்க்லயே இல்ல. 27-ன்னா அந்த லைன் பழுது. 1-ன்னா அப்படி ஒரு நம்பரே இல்ல.

18-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசம்தான் நம்ம நேயரோட ராத்திரி முழுக்க. 19 வந்திருந்தா "அம்மா தூங்கிட்டாங்க போல". 18 வந்திருந்தா "லைன்ல ஏதோ கோளாறு". பழைய செம்பு லைன்ல ரெண்டுக்கும் ஒரே ட்ரிங் ட்ரிங். ஐஎஸ்டிஎன்-ல அப்படி இல்ல. போன் "நான் அடிச்சுக்கிட்டு இருக்கேன்"னு அலெர்ட்டிங் மெசேஜ் அனுப்பினாத்தான் கூப்பிடுறவங்களுக்கு ரிங் டோன். மொபைலும் இதே பழக்கத்தைத்தான் எடுத்துக்கிச்சு.

ஒரு சோகம் என்னன்னா, இவ்வளவு துல்லியமான நம்பர்களை வெச்சிருந்தும், கடைசியில நம்ம காதுக்கு வர்றது மூணு நாலு ரெக்கார்டட் வாய்ஸ்தான். எந்த நம்பருக்கு எந்த அறிவிப்புங்கிறது ஒவ்வொரு ஆபரேட்டரோட விருப்பம். நடுவுல வேற நெட்வொர்க் வந்தா நம்பரே மாறிப் போகவும் வாய்ப்பு உண்டு. டெவலப்பர்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, பேக்எண்ட் அருமையா எரர் கோட் அனுப்புது, ஃப்ரண்ட்எண்ட் எல்லாத்துக்கும் "ஏதோ தப்பு நடந்துடுச்சு"ன்னு ஒரே பாப்அப் காட்டுது.

ஸ்விட்ச் ஆஃப்ங்கிறது ஒரு ஊகம்

இப்போ மொபைல். நாம ஒரு நம்பரை அழுத்தின உடனே, அந்த நம்பரோட சொந்த நெட்வொர்க்ல இருக்குற ஹெச்எல்ஆர்னு ஒரு பெரிய பதிவேட்டைக் கேப்பாங்க: "இவங்க இப்போ எங்க?" அது, அவங்க இருக்குற பகுதியைப் பார்த்துக்குற விஎல்ஆர் பக்கம் கை காட்டும். அந்தப் பகுதியில உள்ள டவர்கள் எல்லாம் சேர்ந்து "இந்த ஆளுக்குக் கால், எங்க இருந்தாலும் பதில் சொல்லு"ன்னு கூவும். இதுக்குப் பேரு பேஜிங். போன் பதில் சொன்னா கால் போய்ச் சேரும், அடிக்கும், அப்போதான் நமக்கு ரிங்.

போனை முறையா ஆஃப் பண்ணா, அணையுறதுக்கு முன்னாடி அது "நான் கிளம்புறேன்"னு ஒரு மெசேஜ் அனுப்பும். நெட்வொர்க் குறிச்சு வெச்சுக்கும். அதுக்கப்புறம் வர்ற காலுக்கு பேஜிங்கே பண்ணாது, உடனே ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லிடும்.

ஆனா சிக்னல் இல்லாத பள்ளத்துக்குள்ள போற போன் யார்கிட்டயும் சொல்லிட்டுப் போறதில்ல. டவருக்கே கரண்ட் போயிட்டாலும் அதே கதைதான். நெட்வொர்க் பதிவேட்டுல அந்த போன் இன்னும் "இங்கதான் இருக்கு". கால் வந்தா நம்பிக்கையோட பேஜிங் பண்ணும், பதில் வராது, மறுபடி பண்ணும், வராது. அந்த விநாடிகள்தான் நாம கேக்குற அமைதி. அப்புறம்தான் "தொடர்பு எல்லைக்கு வெளியே".

எவ்வளவு நேரம்தான் நெட்வொர்க் அந்த நம்பிக்கையோட இருக்கும்? ஒவ்வொரு போனும் சும்மா பையில கிடந்தாலும் குறிப்பிட்ட இடைவெளியில "இருக்கேன்"னு ஒரு தகவல் கொடுக்கணும். ஜிஎஸ்எம்ல அந்த இடைவெளியை 6 நிமிஷ மடங்குகள்ல ஆபரேட்டர் வெச்சுக்கலாம், அதிகபட்சம் 25.5 மணி நேரம். அந்த நேரம் தாண்டியும் தகவல் வரலைன்னா, நெட்வொர்க் அந்த போனைத் தானாவே "இல்ல"ன்னு குறிச்சிடும். அதுக்கப்புறம் வர்ற காலுக்கு என்ன பதில்? முறையா ஆஃப் பண்ண போனுக்கு வர்ற அதே பதில். உடனடியா, பேஜிங் இல்லாம.

இதை வெச்சு நேயரோட ராத்திரியைப் பார்த்தா, எனக்குத் தோணுற கணக்கு இது. அந்தப் பக்கத்து டவர் சாயங்காலமே விழுந்திருக்கணும். அம்மா போன் வீட்டுல சும்மா இருந்திருக்கு. அது கடைசியா "இருக்கேன்"னு சொன்னது எப்பவோ. கெடு தாண்டிடுச்சு, பதிவேட்டுல இல்லைன்னு ஆயிடுச்சு. அதான் உடனே ஸ்விட்ச் ஆஃப். அப்பாகிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னேன். அன்னைக்கு இருட்டுற நேரத்துக்கு ஏற்காடு கடைவீதி போயிட்டு வந்தாராம். அங்க போன் டவரோட பேசியிருக்கு, அந்த நினைவு நெட்வொர்க்குக்கு இன்னும் புதுசா இருந்திருக்கு. அதனால தேடிப் பார்த்துட்டு, கிடைக்கலைன்னு சொல்லியிருக்கு. ஒரே வீடு, ஒரே மேஜை, ரெண்டு பதில்.

ஆக, அறிவிப்போட வார்த்தையைவிட, அதுக்கு முன்னாடி வர்ற அமைதியோட நீளம் நமக்கு அதிகத் தகவல் கொடுக்குது. நீண்ட அமைதின்னா, அந்த போன் சமீபத்துல வரைக்கும் உயிரோட இருந்திருக்கு, இப்போ தேடுறாங்கன்னு அர்த்தம். இது எல்லா ஆபரேட்டர்லயும் துல்லியமா வேலை செய்யாது, ஃபார்வர்டிங் வெச்சிருந்தா குழப்பும், ஆனாலும் ராத்திரி 11 மணிக்கு ஒண்ணும் தெரியாம இருக்குறதுக்கு இது பரவாயில்ல.

4ஜி வந்ததும் பொருந்தாத டிவைஸ் பிரச்சினை புது உருவத்துல வந்துச்சு. 4ஜி அடிப்படையில டேட்டாவுக்காகக் கட்டினது. அதுல குரலைக் கொண்டு போக வோல்டிஇ வேணும். வோல்டிஇ இல்லாத 4ஜி போனுக்குக் கால் வந்தா, நெட்வொர்க் அதை 4ஜி-ல தட்டி எழுப்பி, "கீழ இறங்கி 2ஜி இல்ல 3ஜி-ல வந்து எடு"ன்னு சொல்லும். அது இறங்கி, அங்க டவர் பிடிச்சு, பதில் சொல்றதுக்குச் சில விநாடி ஆகும். சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுற பஸ்ல ஒருத்தர் இருக்குறப்போ இது நடந்தா, இறங்குற நேரத்துல வளைவு மாறி டவரும் மாறியிருக்கலாம். அவரு போன்ல ஃபுல் சிக்னல் காட்டும், நமக்கு "தொடர்பு எல்லைக்கு வெளியே"ன்னு வரும். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்போ இறங்குறதுக்குக் கீழ மாடியே இல்ல, அது முழுக்க 4ஜி மட்டும். வோல்டிஇ இல்லாத போன் வெச்சிருந்தவங்க பேசுறதுக்கே தனியா ஒரு ஆப் போட வேண்டியிருந்தது ஞாபகம் இருக்கா?

ரிங் எவ்வளவு நேரம் போகணும்னு சண்டை

இது கொஞ்சம் கிளைக்கதை, ஆனா சொல்லாம விட மனசு வரல. போன் அடிக்குது, ஆள் எடுக்கல. எவ்வளவு நேரம் அடிக்க விடுறது? இது வெறும் டைமர் செட்டிங்னு நினைப்போம். 2019-ல இதுக்காக நம்ம நாட்டு ஆபரேட்டர்கள் மோதிக்கிட்டாங்க.

காரணம் காசு. அப்போ ஒரு நெட்வொர்க்ல இருந்து இன்னொரு நெட்வொர்க்குக் கால் போனா, கூப்பிட்டவரோட கம்பெனி எடுத்தவரோட கம்பெனிக்கு நிமிஷத்துக்கு 6 பைசா கொடுக்கணும். கால் எடுத்த நொடியில அந்தப் பக்கத்துல இருந்து ஆன்சர் மெசேஜ் வரும். கட்டணம் அங்க இருந்துதான் ஓட ஆரம்பிக்கும். ரிங் போற நேரம் இலவசம். எஸ்டிடி பூத்ல சிவப்பு எழுத்து மீட்டர் எடுத்த பிறகு ஓடுனதும், நம்ம மிஸ்டு கால் கலாச்சாரம் மொத்தமும் இந்த ஒரு விதி மேலதான் நிக்குது. இப்போ ரிங் நேரத்தைக் குறைச்சா என்ன ஆகும்? எடுக்கப் போறதுக்குள்ள கட் ஆகும், மிஸ்டு கால் ஆகும், அவங்க திருப்பிக் கூப்பிடுவாங்க. 6 பைசா திசை மாறிடும். ஜியோ 20 விநாடியாக் குறைச்சாங்க, ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் 25-க்கு வந்தாங்க. 2019 நவம்பர்ல டிராய் தலையிட்டு மொபைலுக்கு 30 விநாடி, லேண்ட்லைனுக்கு 60 விநாடின்னு விதி போட்டாங்க. அந்த 6 பைசாவும் 2021 ஜனவரி 1-ல இருந்து கிடையாது.

முழங்கால் வலியோட ஹாலுக்கு நடந்து வர்ற ஒரு பாட்டிக்கு 20 விநாடிக்கும் 30 விநாடிக்கும் என்ன வித்தியாசம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஃபைபர் வந்தா சரியாயிடுமா?

நேயர் கடைசியா கேட்டது, "வீட்டுக்கு ஃபைபர் போட்டு, லேண்ட்லைனை அதுல மாத்திடலாமா?"

ஃபைபர்ல லேண்ட்லைன்னா, வீட்டுல இருக்குற மோடம் பெட்டிதான் போனுக்கு உயிர் கொடுக்கும். கால் எஸ்ஐபி-ங்கிற முறையில வரும். இந்தப் பெட்டி சர்வர்கிட்ட அப்பப்போ பதிவு பண்ணிக்கிட்டே இருக்கணும், மொபைல் மாதிரியே. பெட்டி செத்துப் போயி, பதிவு இன்னும் காலாவதி ஆகலைன்னா, சர்வர் அதுக்கு இன்வைட் அனுப்பும். பதில் வராட்டி அரை விநாடி, ஒரு விநாடி, ரெண்டு, நாலுன்னு இடைவெளியை இரட்டிப்பாக்கி மறுபடி மறுபடி அனுப்பும். யுடிபி-ல, ஸ்டாண்டர்டுல சொல்லியிருக்குற அளவுப்படி 32 விநாடி வரைக்கும். அப்புறம் 408. பதிவு காலாவதி ஆயிடுச்சுன்னா உடனே 480, தற்காலிகமா கிடைக்கல. எப்படிப் பார்த்தாலும், செத்த லைனுக்குச் சும்மா ட்ரிங் ட்ரிங் போடுற பழக்கம் இதுல குறைவு.

ஆனா செம்பு ஒயருக்கு ஒரு பெருமை இருந்துச்சு: கரண்ட் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே ஒயர்ல வந்துச்சு. மலையில மூணு மணி நேரம் பவர் கட் ஆனாலும் அந்தக் கறுப்பு போன் அடிக்கும், ஏன்னா எக்ஸ்சேஞ்ச்ல பேட்டரி இருக்கு. ஃபைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேணும். மழையில முதல்ல போறதே அதுதானே? அதனால ஃபைபர் மாத்துறதுன்னா மோடத்துக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்ஸும் சேர்த்து வாங்கிக் கொடுங்க. அடாப்டர்ல 12 வோல்ட்தான் போட்டிருக்கான்னு பார்த்துட்டு வாங்கணும். ரெண்டு மொபைலையும் ஒரே ஆபரேட்டர்ல வெச்சுக்காதீங்கன்னும் சொன்னேன். ஒருத்தர் டவர் விழுந்தா இன்னொருத்தர் டவர் நிக்கலாம். ரெண்டு கம்பெனியும் ஒரே கம்பத்துல இருக்கக் கூடாது, அதையும் ஊர்ல கேட்டுப் பார்த்துக்கணும்.

இன்னொண்ணு, இதுக்குக் காசே வேணாம். அந்த மாதிரி ராத்திரியில திரும்பத் திரும்பக் கால் பண்றதுக்குப் பதிலா ஒரு சாதாரண எஸ்எம்எஸ் போடுங்க, வாட்ஸ்அப் இல்ல. போகுறதுக்கு முன்னாடி மெசேஜ் செட்டிங்ஸ்ல டெலிவரி ரிப்போர்ட்டை ஆன் பண்ணி வெச்சுக்கோங்க. கால் போய்ச் சேரலைன்னா அதோட செத்துடும், நெட்வொர்க் அதை மறந்துடும். எஸ்எம்எஸ் அப்படி இல்ல. போன் கிடைக்கலைன்னா மெசேஜ் சென்டர் அதை வெச்சுக்கிட்டு, "இந்த ஆளுக்கு ஒரு மெசேஜ் காத்துக்கிட்டு இருக்கு"ன்னு ஹெச்எல்ஆர்ல ஒரு குறிப்பு எழுதி வெச்சிடும். எந்த நொடியில அந்த போன் மறுபடி ஒரு டவர்கிட்ட தலையைக் காட்டுதோ, ஹெச்எல்ஆர் மெசேஜ் சென்டரைக் கூப்பிட்டுச் சொல்லும், மெசேஜ் போகும், உங்க போன்ல டெலிவர்டுன்னு வரும். அம்மா அதைப் படிக்கணும்னுகூட இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு டவர் திரும்பி வந்தா, ரெண்டு மணிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிடும்.